கொடும்பாவி போன பள்ளம்

செவ்வந்திக்கு அழ வராது. பெற்ற தாய் செத்துக் கிடந்தபோதுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று காலனிப் பெண்கள் இன்றைக்கும் குறை சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாய் பாவாத்தாள் சத்தியமங்கலம் சுற்றுவட்டாரத்திலேயே பேர்போன அழுகைக்காரி.

கரட்டுப்புதூரில் எந்தப் பண்ணாடி செத்தாலும் பாவாத்தாளுக்கு ஆள் வரும். நிலம் வைத்திருக்கிறவர்களைக் காலனிக்காரர்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். உயிரோடு இருந்தவரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, கையில் கை படாமல் உயரத்திலிருந்து கூலியைப் போட்ட மனிதர் செத்துக் கிடக்கும்போது, ‘என்னக் காத்த ராசாவே’ என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவது அவள் வேலை. செத்தவரின் பிள்ளைகளே கூசிப்போகிற அளவுக்கு அழுவாள். பிறகு வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, “கொழம்பு மிச்சம் இருக்குதா கண்ணு?” என்பாள். அழுகை ஒரு கூலிவேலை என்பதைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட செவ்வந்திக்கு, அதன் பிறகு சும்மா அழ மனம் வரவில்லை.

பாவாத்தாளின் பெரிய வெற்றி, ஒரு கொடும்பாவிக்கு அழுதது. மழை பொய்த்துப்போனால் ஊரில் வைக்கோலால் ஓர் ஆள் செய்வார்கள். அவன்தான் கொடும்பாவி. மழையைத் தடுத்து நிற்கிற பாவங்களையெல்லாம் செய்தவன் அவன் ஒருவன்தானாம். மற்றபடி ஊரே யோக்கியம். அவனைப் பாடையில் கட்டி இழுத்துப்போவார்கள். காலனிப் பெண்கள் பின்னாலேயே போய், அவன் செய்த பாவங்களைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைக்க வேண்டும். கடைசியில் வறண்ட குட்டைக்குள் வைத்துக் கொளுத்துவார்கள். பாவம் செய்தவர்கள் ஊருக்குள் இருப்பார்கள், அழுகிறவர்கள் ஊருக்கு வெளியிலிருந்து வருவார்கள், எரிவது வைக்கோல். இதைப் பார்த்து வானம் மனமிரங்குமாம்.

செவ்வந்தி சிறுமியாக இருந்தபோது ஒருமுறை அப்படி இழுத்தார்கள். பாவாத்தாள் அழுதாள். அன்று சாயங்காலமே கொட்டித் தீர்த்தது. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று முந்தைய நாளிலிருந்தே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வானொலிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. பாவாத்தாளுக்கு ஒரு பழஞ்சேலையும் ஒரு வள்ளம் சோளமும் கிடைத்தன.

தாவணி போட்ட வயதில் செவ்வந்தி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள். கொங்குத் தமிழின் மரியாதையை நாடே மெச்சும். நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிறவர்கள் என்று கேலி பேசுவார்கள். கரட்டுப்புதூரில் அந்த ‘ங்க’ காலனி எல்லைவரை வந்து அங்கேயே நின்றுவிடும். மில்லில்தான் ஒரு மேஸ்திரி அவளை முதன்முதலாக ‘வாங்க செவ்வந்தி’ என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே சங்கத்தில் சேர்ந்தாள், கேன்டீனில் கிடக்கிற செய்தித்தாளை எழுத்துவிடாமல் படித்தாள், சாமி கும்பிடுவதை விட்டாள், மில் லாரி ஓட்டிய பிரான்சிஸைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் கோயிலிலா, சர்ச்சிலா என்று இரண்டு வீட்டாரும் அடித்துக்கொண்டதில் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். சாமிகள் எதுவும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள்தான் கோபித்துக்கொண்டார்கள்.

பிறகு மில்லை மூடினார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. இருந்த வேப்பமரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, கட்டடத்துக்குத் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். புருஷனும் பெண்சாதியும் கரட்டுப்புதூருக்குத் திரும்பினார்கள்.

ஊர் அதற்குள் தென்னந்தோப்பாகியிருந்தது. சோளத்துக்கும் கடலைக்கும் ஆள் வேண்டும். ஆள் என்றால் கூலி கேட்பார்கள், இப்போதெல்லாம் மரியாதையும் கேட்கிறார்கள். தென்னை எதையும் கேட்காது, தண்ணீர் மட்டும் கேட்கும். அந்தத் தண்ணீருக்காகப் பூமியை ஓட்டை ஓட்டையாகத் துளைத்தார்கள். துளைக்கும் இடத்தைக் காட்ட, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிற ஒருவர் புளியம்பட்டியிலிருந்து வருவார். தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போர் போட்டால் புழுதி வந்தது. தேங்காயை யாரும் சந்தேகிக்கவில்லை. போட்டவனின் ஜாதகத்தைத்தான் சந்தேகித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலையை உதிர்த்துவிட்டு, பல்பைக் கழற்றிய விளக்குக் கம்பம் மாதிரி நின்றன.

அந்தச் சமயத்தில்தான் அருண்குமார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மாறிவருகிற வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி விவசாயத்தை மாற்றுகிற ஏதோ ஒரு திட்டத்தில் வேலை. படித்த பையன், வேலை தெரிந்தவன். “மழை பெருசாக் கொறையலைங்க அக்கா. முன்ன ஒரு மாசம் பேஞ்சது இப்ப ஒரே சாயங்காலத்துல பேஞ்சுபோட்டுப் போயிருது. அதப் புடிச்சு வெக்கோணும், கம்மித் தண்ணில வாழற மரத்த வெக்கோணும். அவ்வளவுதானுங்க” என்றான். செவ்வந்திக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மழைக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடாத முதல் ஆள் அவன்.

குட்டைக் கரைக்குக் கீழே ஒரு துண்டுப் புறம்போக்கும் பழைய பொதுக்கிணறும் இருந்தன. காலனிப் பெண்கள் குழு அங்கே நாற்றுப்பண்ணை போட்டது. வேம்பு, புங்கன், வெள்வேல், கூடவே வெட்டி விற்க மலைவேம்பு. பட்டுப்போன தோப்புகளில் தென்னைக்குப் பதிலாக இவற்றை நட்டு, நடுவே புல் வளர்த்து ஆடு மாடு மேய்க்கலாம் என்பது யோசனை.

முதல் வருஷம் செவ்வந்தி எல்லாவற்றையும் கெடுத்தாள். அவள் ஆசையாக வளர்த்தாள். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், மதியம் போகிற போக்கில் ஒரு சொம்பு. கன்றுகள் புதுமாப்பிள்ளை மாதிரி தளதளவென்று நின்றன. வாங்கிப்போனவர்கள் காட்டில் நட்ட வாரத்திலேயே எல்லாம் சுருண்டு விழுந்தன. அருண்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அக்கா, அனுப்பறதுக்கு முன்னாடி தண்ணியக் கொறைக்கோணும்னு சொன்னனே. பட்டினி போட்டுப் பழக்கினாத்தான் காட்டுல தாங்கும்.”

“அட, இதுதானா தம்பி? எங்கள அப்படித்தான் பழக்கியிருக்காங்க. அதுக்கு ஒரு படிப்பு இருக்குதுன்னு தெரியாமப் போச்சு.”

அடுத்த வருஷம் பட்டினி போட்டாள். கன்றுகள் பிழைத்தன. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள்.

பண்ணைக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு ஊற்று குட்டையிலிருந்து. குட்டைக்குத் தண்ணீர் கரட்டிலிருந்து இறங்குகிற பள்ளத்திலிருந்து. சின்னக் குன்றைக் கரடு என்றும் ஓடையைப் பள்ளம் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். இந்தப் பள்ளத்தின் நடுவில்தான் வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார். அதாவது, அவருடைய நார் மில்லின் கழிவு உட்கார்ந்திருந்தது.

வெள்ளியங்கிரி ஊரின் பெரிய பண்ணாடி, கோயில் கமிட்டித் தலைவர். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தது போக மிஞ்சுகிற தூளைக் கொட்ட அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பள்ளம் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் கொட்டினார். போன வருஷம் ஒரு சாயங்காலம் பேய் மழை பெய்தது. வந்த தண்ணீர் தூள்மேட்டில் முட்டி, திரும்பி, ரோட்டில் ஏறி, டீக்கடைக்குள் புகுந்து, காலனியில் நாலு சுவரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. குட்டைக்கு ஒரு குடம்கூட வரவில்லை. கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியது. இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளம் திறக்காவிட்டால் நாற்றுப்பண்ணை அவ்வளவுதான்.

மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், தூள்மேட்டைப் பார்த்தார்கள், வெள்ளியங்கிரி தோப்பில் இளநீர் குடித்தார்கள், பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வந்தி நேரில் போய்க் கேட்டாள்.

“ஏனுங்க, பள்ளத்த மட்டும் சித்தெ ஒதுக்கி உட்டா ஊருக்கே தண்ணி நிக்குமுங்க.”

“மழையே வரக்காணோம், பள்ளத்த ஒதுக்கி என்ன பண்ணப் போற? மொதல்ல மழை வரட்டும் போ.”

மழை வந்த பிறகு பள்ளத்தைத் திறக்கலாம் என்கிறவரோடு என்ன பேசுவது?

புரட்டாசியிலும் வானம் வெளுத்தே கிடந்தது. கோயில் கமிட்டி கூடியது. தேங்காய்க்காரரைக் கேட்டார்கள், சோசியரைக் கேட்டார்கள். அருண்குமாரை யாரும் கேட்கவில்லை. கொடும்பாவி இழுப்பதென்று முடிவாயிற்று. மேளம் அடிக்கக் காலனிப் பையன்களைக் கூப்பிட்டதற்கு, ஒருவன் கூரியர் டெலிவரிக்குப் போக வேண்டும் என்றான், இன்னொருவன் காந்திபுரத்தில் செல்போன் கடையில் வேலை என்றான், மூன்றாமவன் “நீங்களே அடிச்சுக்கங்க, பழகிக்குவீங்க” என்றான். சரி, டவுனிலிருந்து ஜமாப் செட் வரவழைக்கலாம். ஆனால் ஒப்பாரிக்கு? அந்த உரிமை பாவாத்தாள் வீட்டுக்குத்தான். அந்த வீட்டுப் பெண் அழாவிட்டால் பலிக்காது.

மத்ததெல்லாம் மாறிப்போச்சு, இது மட்டும் எங்க உரிமையாம் என்று செவ்வந்தி சிரித்தாள். முடியாது என்று சொல்லியனுப்பினாள். பிரான்சிஸ் கட்டிலில் படுத்தபடி கேட்டான்:

“ஏம்புள்ள, அழுதா மழை வருமா?”

“வருமுன்னா நம்ம காலனில டெய்லி வெள்ளம் ஓடியிருக்கோணும்.”

மறுநாள் சென்னியம்மாள் நாற்றுப்பண்ணைக்கு வந்தாள். வெள்ளியங்கிரியின் மனைவி. நார் மில் தூசியில் அவளுக்கு வருஷம் முழுக்க இருமல். துணி காயப்போட முடியாது, சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. புருஷன் அனுப்பித்தான் வந்திருந்தாள். ஆனால் வந்த வேலையை விட்டுவிட்டுப் புங்கன் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“செவ்வந்தி, உங்கம்மா அழுதப்போ நான் இங்க வந்த புதுசு. பாவத்தையெல்லாம் எடுத்துச் சொன்னா பாரு, அப்படியே புல்லரிச்சுது.”

“எங்கம்மா கெட்டிக்காரிங்க அக்கா. நானு அழமாட்டேன்.”

“அழாட்டிப் போ. நான் கேள்விப்பட்டதச் சொல்றேன். எடுத்த அழுகைய நடுவுல நிறுத்தப்படாதாமா. யாரு நிறுத்தினாலும் அவங்க குடும்பத்துக்கு ஆகாதாமா. எங்க ஊட்டுக்காரருக்கு அதுல ரொம்பப் பயம்.” கொஞ்சம் இருமினாள். “பாடையையும் போன வழியில திருப்பப்படாதாமா. சரி அம்மணி, நான் வாரேன். அடுப்புல பாலு.”

அடுப்பில் பால் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். சென்னியம்மாள் போன திசையைச் செவ்வந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நேராகக் கோயில் கமிட்டிக்குப் போனாள்.

“அழறேனுங்க. ஆனா எங்கம்மா போன வழியிலதான் போவோணும்.”

“எந்த வழி?” என்றார் வெள்ளியங்கிரி.

“பள்ளத்துக்குள்ள எறங்கித்தானுங்க போவோணும். மழைத் தண்ணி வர்ற வழியில பாவி போனாத்தான், அவன் போன வழியே மழை வருமுன்னு எங்கம்மா சொல்லும்.”

பாவாத்தாள் அப்படி எதையும் சொன்னதில்லை. அவள் தார் ரோட்டில்தான் போனாள். ஆனால் ஒரு பாரம்பரியத்தை உண்டாக்க ஆயிரம் வருஷமெல்லாம் தேவையில்லை; முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒருமுறை சொன்னால் போதும். கமிட்டியில் வயதான ஒருவர், “ஆமாமா, பள்ளத்துலதான் போனாங்க, நானே பாத்தேன்” என்று சாட்சியும் சொன்னார்.

குறிப்பிட்ட நாளில் மதிய வெயிலோடு ஊர்வலம் கிளம்பியது. வைக்கோல் பாவிக்கு மீசை வரைந்து, யாரோ ஒரு பழைய கூலிங் கிளாஸும் மாட்டியிருந்தார்கள். ஊர்ப் பையன்கள் பாடையை இழுத்தார்கள். ஜமாப் செட்டுக்காரர்களுக்குச் சாவு மேளம் தெரியாததால் கல்யாண மேளத்தையே கொஞ்சம் மெதுவாக அடித்தார்கள். அருண்குமார் ஒரு ஓரமாக, திட்டத்து ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்கிற முகத்தோடு நின்றான். பள்ளத்துக்குள் இறங்கியதும் செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“பாவி வாறானே, படுபாவி வாறானே,
பச்ச மரம் அத்தனையும் வெட்டிப்போட்டு வாறானே!
ரோட்டோரப் புளியமரம் ரோட்டுக்காகச் செத்துச்சே,
நெழல எங்க வித்துப்போட்டே, நெஞ்சழுத்தப் பாவியே!”

புளியமரங்களை ஏலத்தில் எடுத்தவர் மேளத்துக்குப் பின்னால் நகர்ந்தார். கூட்டம் ‘உச்’ கொட்டியது.

“போருமேல போரு போட்டு பூமிய ஓட்ட பண்ணி,
தேங்காயக் கேட்டுக் கேட்டு தெசதெசையாத் தோண்டினியே,
தண்ணி வந்துச்சா சாமி, இல்ல புழுதி வந்துச்சா?”

தேங்காய்க்காரருக்குத் திடீரென்று புளியம்பட்டி பஸ் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்காகக் காலனியை அவள் விட்டுவிடவில்லை.

“அரசாங்கம் நட்ட கன்ன ஆட்ட உட்டு மேச்சவனே!
தண்ணி தண்ணியா ஊத்தித் தழதழன்னு வளத்துபோட்டு
வெயில்ல கொண்டு நட்டுக் கொன்ன வெவரங்கெட்ட செவ்வந்தியே!”

பின்னால் வந்த காலனிப் பெண்கள் அழுவதற்குப் பதிலாகச் சிரித்ததில், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரும் துக்கமாகவே தெரிந்தது.

பள்ளம் வளைந்தது. எதிரில் நார்த்தூள் மேடு, ஒரு மாடி உயரத்துக்கு. செவ்வந்தியின் குரல் உயர்ந்தது.

“கரட்டுத் தண்ணி வர்ற வழியில கல்லா நின்னுச்சு, முள்ளா நின்னுச்சு?
நாருதான் நின்னுச்சே, நார்த்தூளு நின்னுச்சே,
குட்டைக்கு வர்ற உசுரக் குறுக்க மறிச்ச பாவியே,
உங்குடும்பம் குடிக்குமா, தூளக் கரைச்சுக் குடிக்குமா!”

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் வெள்ளியங்கிரியின் பக்கம் திரும்பின. அவர் முகம் பழுத்த மிளகாயாகிவிட்டது. “ஏய், நிறுத்து...” என்று ஆரம்பித்தவர், கோயில் பூசாரி கையைப் பிடித்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“நிறுத்தச் சொல்லாதீங்க! நிறுத்தச் சொன்ன வாய்க்கு ஆகாதுங்க!” என்றார் பூசாரி.

அவளை நிறுத்த முடியாது. வெள்ளியங்கிரி பாடைக்காரப் பையன்களைப் பார்த்துக் கத்தினார்: “ஏறிப் போங்கடா, சீக்கிரம்!”

செவ்வந்தி கணக்குப் போட்டதும் அவ்வளவுதான். மேட்டுக்கு முன்னால் நின்று ஊரறிய நாலு வார்த்தை பாடிவிட வேண்டும், பாவியைத் தூக்கிக்கொண்டு மேட்டின்மேல் ஏறிப் போய்விடுவார்கள், வெள்ளியங்கிரிக்கு வெட்கம் வந்தாலும் வரும். தூள்மேட்டின் குணம் அவளுக்குத் தெரியாது. முன்னால் ஏறிய பையன் இரண்டே எட்டில் இடுப்புவரை உள்ளே போனான். பின்னால் வந்தவன் அவனைப் பிடிக்கப்போய் அவனும் போனான். பாடை ஒரு பக்கம் சாய்ந்து, பாவியின் கூலிங் கிளாஸ் கழன்று உருண்டது.

“திருப்பு, ரோட்டு வழியாப் போலாம்” என்றார் வெள்ளியங்கிரி.

“பாடையத் திருப்பறதா! ஊரு அழிஞ்சுபோகும்” என்று பூசாரி அலறினார்.

“அப்ப வேலியத் தாண்டி அந்தப் பக்கம் போங்கடா.”

வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் கூட்டத்திலேயே இருந்தார். “என்ற தோட்டத்துக்குள்ள பொணமா? வந்து பாருங்க!” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, பக்கத்திலும் போக முடியாது. நடுவில் செவ்வந்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது நார் மில் வாசலிலிருந்து சென்னியம்மாளின் குரல் வந்தது.

“ஏனுங்க, நம்ம ஜேசிபி சும்மாதானுங்களே நிக்குது?”

வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்த பார்வையில் இன்னொரு நார் மில் கொட்டுகிற அளவுக்குத் தூள் இருந்தது. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பாவி நடுவழியில் கிடந்தான். அழுகையோ ஓயவில்லை. ஜேசிபி வந்தது.

தூளை அள்ளுவது லேசான வேலையில்லை. ஒரு பக்கம் அள்ள இன்னொரு பக்கம் சரிந்தது. அதுவரை செவ்வந்தி அழுதே ஆக வேண்டும். ஊரின் பாவங்கள் தீர்ந்துவிட்டன. காலனிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கைகொடுத்தார்கள். ஒருத்தி ரேஷன் அரிசியை அழுதாள். ஒருத்தி காலனி ஸ்டாப்பில் நிற்காமல் போகிற டவுன் பஸ்ஸை அழுதாள். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளரிலும் காலனிக்குக் காகிதக் கப்பிலும் டீ கொடுத்துவிட்டு, ‘அதெல்லாம் சுத்தத்துக்குத்தானுங்க’ என்கிற டீக்கடையை இன்னொருத்தி அழுதாள். டீக்கடைக்காரர் கூட்டத்தில்தான் நின்றார். அழுகையை நிறுத்தச் சொல்ல அவருக்கும் வாயில்லை. செவ்வந்தி தன் முறைக்கு மூடிப்போன மில்லை அழுதாள். ஜமாப் செட் பையன்கள் களைத்துப்போய்ப் பாட்டுக்குத் தகுந்த மாதிரி அடிக்கப் பழகியிருந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேட்டுக்கு நடுவே வண்டி போகிற அகலத்துக்கு வழி திறந்தது. கரட்டிலிருந்து குட்டைவரை பள்ளம் தடையில்லாமல் ஒரே வழியாகக் கிடந்தது. பாவி அந்த வழியாகக் குட்டைக்குப் போய்ச் சேர்ந்து நன்றாக எரிந்தான். கொளுத்தியவர்கள் தலை முழுக வேண்டும் என்பது ஐதீகம். முழுக ஊரில் தண்ணீர் இல்லை. டேங்கர் லாரி சொல்லி வரவழைத்து முழுகினார்கள்.

வீட்டுக்கு வந்த செவ்வந்திக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிரான்சிஸ் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தான்.

“பகுத்தறிவு பேசறவ பாடைக்குப் பின்னால போனியே, மானம் போகலையா?”

அவள் குசுகுசுவென்ற குரலில் சொன்னாள்: “போச்சு. பள்ளம் தொறந்துச்சு.”

ஆனால் அது அவளை உறுத்தாமல் இல்லை. மனு செய்யாததைப் பயம் செய்துவிட்டது. அடுத்த முறை அதே பயம் யாருடைய பக்கம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அது இதுவரை எப்போதுமே காலனிக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றிருக்கிறது.

மழை அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அழுதவள் மனசாரத்தான் அழுதாளா என்று டீக்கடையில் விசாரணை நடந்தது. வெள்ளியங்கிரி மறுபடியும் பள்ளத்தில் தூள் கொட்டச் சொன்னார். அவருடைய மில்லில் வேலை செய்கிறவர்களே, பிணம் போன வழியை மூடமாட்டோம் என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். அவரே கொட்டலாம் என்று ஜேசிபி சாவியைத் தேடினார். சாவி எங்கே போயிற்று என்று சென்னியம்மாளுக்குத் தெரியவில்லையாம்.

நாற்றுப்பண்ணையில் கிணறு சேறாயிற்று. இருக்கிற தண்ணீர் எல்லாக் கன்றுக்கும் காணாது. அருண்குமாரும் செவ்வந்தியும் பாத்தி பாத்தியாக நடந்தார்கள். வேம்பும் வெள்வேலும் பொறுத்துக்கொள்ளும். மலைவேம்புதான் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. எல்லோரும் ஆசையாகக் கேட்கிற மரம் அதுதான்.

“இத உட்டுருலாங்க அக்கா. மத்ததக் காப்பாத்தலாம்” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைவேம்புப் பாத்திகளைத் தாண்டிப் போனார்கள். போகும்போது ஓரக்கண்ணால்கூட அதைப் பார்க்கவில்லை. கொடும்பாவிக்குப் பொழுது சாயும்வரை அழுதும் வராத கண்ணீர், அன்றைக்குச் செவ்வந்திக்கு வந்தது. யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டு, “தூசி” என்றாள். மற்றவர்களுக்கும் அன்றைக்குக் கண்ணில் தூசிதான்.

ஐப்பசி பாதியில், ஒரு சாயங்காலம், வானம் மொத்தமாகக் கவிழ்ந்தது. ஒரு மாசத்து மழை, ஒரே மூச்சில். செவ்வந்தி கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினாள். கரட்டுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு வந்து, தூள்மேட்டு வழியில் நுழைந்து, இரண்டு பக்கத்துத் தூளையும் அரித்துக்கொண்டு குட்டைக்குள் விழுந்தது. பாவியின் கூலிங் கிளாஸ் கூடவே உருண்டு வந்தது; குட்டைக்குள் பாதி எரிந்த ஒரு மூங்கில் துண்டு மிதந்து எழுந்தது. ரோடு நனைந்ததோடு சரி. காலனியில் ஒரு சுவர் விழவில்லை.

கார்த்திகையில் கிணற்றில் இறங்குபடி முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. வெள்வேலும் வேம்பும் புங்கனும் பட்டுப்போன தோப்புகளுக்குப் போக ஆரம்பித்தன. பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: வருண பகவானை வரவழைத்த கோயில் கமிட்டித் தலைவருக்கு ஊர்மக்கள் நன்றி. படத்தில் வெள்ளியங்கிரி கும்பிட்டபடி சிரித்தார். அவர் தலைக்குமேல் ஒரு மேகம் வரைந்திருந்தார்கள். பிரான்சிஸ் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஜேசிபியும் ஓரமா ஒண்ணு போட்டிருக்கலாம்” என்றான்.

அதன் பிறகு ஒரு நாள், கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வேட்டி சட்டையோடு நாலு பெரியவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். செவ்வந்தி வேம்புக் கன்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்திப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊருக்கு ஐப்பசி மழையில் ஒன்றும் தேறவில்லையாம். அங்கேயும் ஒரு பள்ளத்தில் யாரோ கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். அதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள். அவர்கள் வந்தது வேறு விஷயத்துக்கு.

“நீங்க அழுது மழை வந்துச்சாமாங்க. எங்க ஊருக்கும் ஒருக்கா வந்து அழோணும், தட்டப்படாது.”

செவ்வந்தி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அந்த ‘ங்க’வைக் கவனித்தாள். கல்யாண மண்டபத்தையும் கவனித்தாள்.

“அழறதப் பத்தி ஒண்ணுமில்லைங்க, எப்பக் கூப்பிட்டாலும் வாரேன்” என்றாள். “உங்க ஊர்ல ஜேசிபி இருக்குதுங்களா?”